சுலபமான பருவச் சமையல்: மார்கழி, தைக்கு என்ன செய்யலாம்?

2024 டிசம்பர் 17 (கேள்வி)

தை பிறந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேர் சாப்பிடப் போகிறார்கள். மகளுக்கு நிச்சயம் முடிந்திருக்கிறது, சம்பந்தி வீட்டார் அன்றுதான் முதல்முறை சாப்பிட வருகிறார்கள். நான் வேலைக்குப் போகிறவள், சமையலுக்கு ஆள் கிடையாது. இந்தப் பருவத்தில் கிடைப்பதை வைத்து, சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம் என்று இல்லாமல் சுலபமாக என்ன செய்யலாம்? இன்னொரு சந்தேகமும் உண்டு. கடையில் எல்லாக் காயும் எல்லா மாதமும் இருக்கிறதே, பருவம் என்று ஒன்று இன்னும் இருக்கிறதா?

டிசம்பர் 17, இரவு

இருக்கிறது. எல்லாம் எப்போதும் கிடைக்கிறது என்பவர்கள் கேரட், பீன்ஸ், கோஸ் பக்கமே நின்றுவிடுகிறார்கள். சித்திரையில் சிறுகிழங்கு வாங்கிக் காட்டுங்கள் பார்ப்போம். வைகாசியில் பனங்கிழங்கு? இப்போது மார்கழி பிறந்து இரண்டு நாள். சந்தைக்குப் போனால் இரண்டுமே எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கும், பச்சை மொச்சை குவிந்தே கிடக்கும்.

பன்னிரண்டு பேருக்கு என்றால் மொச்சையும் கத்தரிக்காயும் போட்டு ஒரு புளிக்குழம்பு, சிறுகிழங்குப் பொரியல், மிளகு ரசம், மாங்காய் இஞ்சி ஊறுகாய். வந்ததும் கொறிக்க அவித்த பனங்கிழங்கு. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ரொம்பச் சுலபம்.

டிசம்பர் 18

மேலே எழுதியதை மனைவி படித்துவிட்டாள். "உரிக்கிறது யாருங்க?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள்.

அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும். திருத்தம்: அடுப்பு வேலை ஒரு மணி நேரம். அதற்கு முன்னால் மொச்சை உரிக்க ஒன்றரை மணி, சிறுகிழங்கின் தோலை எடுக்க ஒரு மணி, பனங்கிழங்கு அவிய முக்கால் மணி. யோசித்துப் பார்த்தால் இந்த மாதத்துச் சாமான்கள் எல்லாமே இப்படித்தான். அடுப்பில் ஏறிவிட்டால் ஒரு தொல்லையும் தராது. அடுப்பு வரை கொண்டுபோவதற்குள் விரல் நகம் போய்விடும்.

டிசம்பர் 19

மொச்சைக் கணக்கு கேட்டிருந்தீர்கள். நேற்று ஒரு கிலோ காய் வாங்கி உரித்து நிறுத்துப் பார்த்தேன், 400 கிராம் கொட்டை வந்தது. பன்னிரண்டு பேர் குழம்புக்கு இரண்டு கிலோ காய் போதும். காயைத் தடவிப் பார்த்தால் உள்ளே கொட்டை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தட்டையாக இருப்பது பிஞ்சு, மஞ்சளடித்துச் சுருங்கியது முற்றல். காயைத் தொட்ட கையில் ஒரு பிசுக்கும் வாசனையும் ஒட்டும், அது இருந்தால் புதுசு. கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்கள் மோந்து பார்த்துத்தான் விலையே கேட்பார்கள். என் மனைவியும் அந்த ஊர்தான்.

குழம்பில் ஒரே ஒரு சூட்சுமம்தான். கொட்டை நன்றாக வெந்த பிறகே புளி. முதலிலேயே புளித்தண்ணீரை ஊற்றிவிட்டால் எத்தனை நேரம் கொதித்தாலும் கொட்டை விறைப்பாகவே நிற்கும். புளிப்பு ஏறினால் தோல் இளகாது. தக்காளிக்கும் இதே விதி. உப்பையும் கடைசியில்தான் போட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், நானும் வெகுகாலம் அப்படியே நம்பினேன். ஒரு தடவை மறதியாக முதலிலேயே போட்டுவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை, பூவாக வெந்தது. அதற்கப்புறம் உப்புக்குப் பயப்படுவதில்லை.

கருவாடு போடலாமா என்று கேட்டவருக்கு: போடலாம், தாராளமாக. நெத்திலிக் கருவாடும் மொச்சையும் கத்தரிக்காயும் சேர்ந்தால் அன்றைக்குச் சோறு கூடுதலாக வடிக்க வேண்டும். ஆனால் சம்பந்தி வீட்டார் முதல்முறை வருகிறார்கள். அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 22, ஞாயிறு

சிறுகிழங்கு வாங்கப் போய்விட்டு வந்தேன். இந்தத் தடவை வரத்து குறைவு. பதின்மூன்றாம் தேதி வாக்கில் தாமிரபரணியில் வந்த வெள்ளம் ஊரில் எல்லாருக்கும் நினைவிருக்கும். போன வருடமும் இதே மாதம், டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது அப்போதுதான். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்போது தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். தை நெருங்கும்போது இன்னும் வரும் என்று கடைக்காரர் சொன்னார். கிடைத்தது ஒரு கிலோ, பாதிக்குப் பாதி நிலக்கடலை அளவுதான்.

பார்க்காதவர்களுக்காக: சிறுகிழங்கு என்பது பெருவிரல் நுனி அளவு இருக்கும், கறுப்புத் தோல், மேலெல்லாம் மண். அம்பாசமுத்திரம், தென்காசி, நாகர்கோவில் பக்கத்து ஆட்களிடம் சொன்னால் கண் கலங்குவார்கள். மலையாளத்தில் கூர்க்கா. வேக வைத்தால் ஒரு மண்வாசனை வரும். மழைவிட்ட தரையின் வாசனை அல்ல, ஈரச் சாக்கின் வாசனைக்குப் பக்கத்தில். இதைச் சொன்னால் புதிதாகச் சாப்பிடுபவர்கள் பின்வாங்குகிறார்கள், அதனால் வெளியே சொல்வதில்லை.

ஊரில் தோலைக் கத்தியால் சீவ மாட்டார்கள். ஒரு மணி நேரம் ஊறவைத்து, கோணிச்சாக்கில் போட்டு வாயைச் சுருட்டிப் பிடித்து, துவைகல்லில் அடிஅடியென்று அடிப்பார்கள். அப்புறம் சாக்கோடு தரையில் உருட்டித் தேய்ப்பார்கள். கிழங்கு ஒன்றோடொன்று உரசித் தோல் கழன்றுவிடும், சாக்கைத் தண்ணீரில் முக்கினால் கறுப்பாக இறங்கும். மிச்சம் ஒட்டியிருப்பதை மட்டும் நகத்தாலோ கத்தி நுனியாலோ சுரண்டினால் போதும்.

எங்கள் ஃப்ளாட்டில் துவைகல் இல்லை. குளியலறைத் தரையில் போட்டுத் தேய்த்தேன். மேற்கொண்டு விவரம் நாளை.

டிசம்பர் 23

குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டது. குழாய்க்காரர் வந்து ஒரு கம்பியை விட்டு இழுத்தார். மண்ணும் தோலும் சணல் நாரும் திரண்டு எலி மாதிரி ஒன்று வெளியே வந்தது. 400 ரூபாய் வாங்கிக்கொண்டு, "என்ன சார் இது?" என்றார். சிறுகிழங்கு என்றேன். அவர் வள்ளியூர்க்காரராம். சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டே, "மொட்டை மாடியில வச்சு அடிச்சிருக்கலாம்லா" என்றார்.

ஆக, கிலோ 90 ரூபாய்க் கிழங்கு 490 ஆனது. சுலபமான சமையல் என்று எழுதியவன் நான்தான்.

டிசம்பர் 26

யாரோ ஒருவர் நான் சொன்னபடி குக்கரில் இரண்டு விசில் வைத்துக் கிழங்கு களியாகிவிட்டது என்று கோபமாக எழுதியிருக்கிறார். பின்னால் போய்ப் பார்த்தேன், இந்த இழையில் நான் அப்படி எழுதவில்லை. ஆனால் வேறு எங்கேயோ இரண்டு வருடத்துக்கு முன் எழுதியிருக்கிறேன், அந்தப் பழி என்னுடையதுதான். அதே தப்பை நானும் செய்தேன். அம்மாவிடம் போனில் சொன்னபோது கிடைத்தது இது: "ஏல, அத ஏன் குக்கர்ல வைக்க? ஒண்ணு பெருசா இருக்கும், ஒண்ணு சிறுசா இருக்கும். சிறுசு கரைஞ்சிதான் போவும். சட்டியில வையி, பக்கத்துல நில்லு."

ஆகவே: பெரியதை இரண்டாக நறுக்கி எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவாக்குங்கள். நறுக்க நறுக்கத் தண்ணீரில் போடுங்கள், இல்லாவிட்டால் கறுத்துவிடும். அகலமான சட்டி, கிழங்கு மூழ்கும் அளவு தண்ணீர், உப்பு, மஞ்சள்தூள். பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்தில் ஒன்றை எடுத்து நசுக்கிப் பாருங்கள். விரலுக்கு அழுந்த வேண்டும், ஆனால் உடையக் கூடாது. வடித்துவிடுங்கள். தேங்காய், நாலு மிளகாய் வற்றல், அரைக் கரண்டி சீரகம், மூன்று பல் பூண்டு, இவற்றைத் தண்ணீர் விடாமல் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, ஒரு கை சின்ன வெங்காயம். அதில் கிழங்கைக் கொட்டி, தட்டியதைத் தூவி, சின்னத் தீயில் ஓரம் சிவக்கும் வரை பிரட்டுங்கள். ரசம் சோறு போதும் இதற்கு. சாம்பாரோடு வைத்தால் கிழங்கு எங்கே போனது என்றே தெரியாது.

களியானவர்களுக்கு ஒரு வழி: அதையே வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சம்பழம் சேர்த்து மசியலாக்கிவிடுங்கள். விருந்தாளிகளிடம் இப்படித்தான் செய்வோம் என்று சொல்லுங்கள். நான் சொல்லியிருக்கிறேன். பக்குவம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

டிசம்பர் 26, பிற்பகல்

விட்டுப்போனது: விரல் கறுக்கும். நாலு நாள் போகாது. தொடுவதற்கு முன் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அப்புறம் புளிக்கரைசலில் கழுவுங்கள். என் கையை இன்று அலுவலகத்தில் பார்த்துவிட்டு, ஸ்கூட்டர் ரிப்பேரா என்றார்கள்.

டிசம்பர் 29, ஞாயிறு

இன்று பிதுக்குப் பருப்பு. இது மனைவியின் துறை, நான் வேலையாள்.

உரித்த மொச்சையை நாலைந்து மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் உப்பி வரும். கொட்டையைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து. உள்ளிருக்கும் பச்சைப் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே துள்ளும். துள்ளும் என்று சும்மா சொல்லவில்லை. பயிற்சி இல்லாதவன் பிதுக்கினால் டி.வி. வரை போகும். கொட்டையின் முளைப்பக்கம் பாத்திரத்தைப் பார்த்து இருக்க வேண்டும், மற்றக் கையை மேலே குடை மாதிரி கவிக்க வேண்டும். இதை அவள் எனக்கு வருடாவருடம் சொல்லித்தருகிறாள்.

வெங்காயம், தக்காளி, பூண்டு, தேங்காய், கொத்துமல்லி விதை, துண்டுப் பட்டை எல்லாம் வதக்கி அரைத்து விட்டால் பத்து நிமிடத்தில் குழம்பு. தோல் இல்லாததால் பருப்பு சட்டென்று வெந்துவிடும், வெண்ணெய் மாதிரி இருக்கும். அவர்கள் ஊரில் கேழ்வரகுக் களிக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் இதற்கு ஹிதிகித அவரேபேளே என்று பெயர், வருடாவருடம் அவரைக்கு ஒரு மேளாவே நடத்துகிறார்கள்.

பெயர்ச்சண்டை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்கிறேன். அவள் வீட்டில் இது அவரைக்கொட்டை. எங்கள் ஊரில் மொச்சை, அவரை என்றால் தோலோடு நறுக்கிப் பொரிக்கும் காய். இருபத்தாறு வருடமாகத் தீராத வழக்கு. பயிர் நூல் தெரிந்தவர்களிடம் கேட்டேன், இரண்டும் ஒரே இனம், இரண்டு வகை என்கிறார்கள். தோலோடு தின்பது ஒன்று, கொட்டைக்காக வளர்ப்பது ஒன்று. இரண்டு பேரும் ஜெயித்ததாக வைத்துக்கொண்டோம்.

2025 ஜனவரி 3

முதல் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று ஒருவர் இடித்துரைத்திருக்கிறார். நியாயம்தான். மொச்சையை ஆடியிலும் பார்த்திருப்பதாக இன்னொருவர் எழுதியிருக்கிறார். அதுவும் நியாயம்.

நாட்டு மொச்சை பகல் குறுகினால்தான் பூக்கும். எந்த மாதம் விதைத்தாலும் கொடி வளரும், இலை விடும், பூ மட்டும் ஐப்பசி, கார்த்திகைக்குக் காத்திருக்கும். குறுந்தொகையிலேயே அவரை பூக்கும் பனிக்காலத்தைச் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. தலைவன் வருவதாகச் சொன்ன காலம் அது, ஆள் வரவில்லை. அப்புறம் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் ஹெப்பாள் அவரை என்று சில ரகங்களை வெளியிட்டது. பகல் நீளத்தைப் பற்றி அவற்றுக்குக் கவலையில்லை, எப்போது போட்டாலும் காய்க்கும். ஆடியில் நீங்கள் பார்த்தது அந்த வகையாக இருக்கும்.

அப்படியானால் பருவம் போய்விட்டதா என்றால், வாங்கி மோந்து பாருங்கள் என்பேன். மனைவி ஒருமுறை ஆவணியில் வாங்கிவந்து, சமைத்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பட்டாணி மாதிரி இருக்கு" என்றாள். அவள் வாயில் அதைவிடக் கடுமையான சொல் வராது.

புழு இருந்தால் மருந்து அடிக்காத காய் என்று ஜனவரி முதல் தேதி எழுதியவருக்கு: நானும் அப்படி நம்பியவன்தான். மருந்து அடித்த தோட்டத்துக் காயிலும் புழு இருக்கும், காய்க்குள்ளே போய்விட்ட புழுவுக்கு மருந்து எட்டாது. கையில் தனியாக எடுத்துப் போடுங்கள், அவ்வளவுதான்.

ஜனவரி 6

பனங்கிழங்கு வந்துவிட்டது. 25 கொண்ட கட்டு. தெருமுனையில் தள்ளுவண்டிக்காரர் அவித்தே விற்கிறார், பச்சையாகவும் வைத்திருக்கிறார். விருந்துக்கு அவித்ததை வாங்காதீர்கள். காலையில் அவித்தது மதியத்துக்குள் விறைத்துவிடும்.

ஆடி, ஆவணியில் விழும் பனம்பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை மண்மேட்டில் பரப்பி மூடி வைப்பார்கள். அது கீழ்நோக்கி இறக்கும் முளைதான் கிழங்கு. மூன்று, நான்கு மாதத்தில் தோண்டலாம். தோண்டியபின் கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சு மாதிரி தவுன் இருக்கும். நாங்கள் சின்ன வயதில் கிழங்கை விட்டுவிட்டுத் தவுனுக்குத்தான் அடித்துக்கொண்டோம். அதைச் சென்னையில் கடையில் பார்த்ததில்லை.

வாலையும் நுனியையும் வெட்டி, மேல்தோலை உரித்து, உப்பும் மஞ்சளும் போட்டுச் சட்டியில் முக்கால் மணி, குக்கரில் என்றால் ஆறு விசில். (குக்கர் இதற்குச் சரி. சிறுகிழங்குக்குத்தான் கூடாது. மறுபடி கோபமாக எழுத வேண்டாம்.) நெடுக்காகப் பிளந்து நடுவிலுள்ள குருத்தை எடுத்துவிட்டு, ஓரத்து நாரை இழுத்துப் போட்டுவிட்டுத் துண்டு துண்டாக ஒடியுங்கள். பல்லிடுக்கில் நார் மாட்டும். வீட்டில் பல்குத்தி வைத்திருங்கள், சம்பந்தி வருகிறார்.

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இதன் கீழே எழுதியிருக்கிறார். அவர்கள் அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாகவே காயவைத்தால் ஒடியல், ஒடியல் மாவில் கூழ். அவித்த கிழங்கை உள்ளி (நம் பூண்டு), மிளகு, பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்) சேர்த்து உரலில் இடித்து உருண்டை பிடிப்பார்களாம். "நீங்கள் வெறுங்கிழங்கைச் சப்பிக்கொண்டு இருங்கோ" என்று முடித்திருக்கிறார். மிக்ஸியில் நாரெடுத்துப் போட்டுச் செய்து பார்த்தேன். அக்கா, கும்பிடுகிறேன். பன்னிரண்டு பேர் விருந்துக்கு இனிமேல் இந்த உருண்டைதான் சிபாரிசு. பல்குத்தியும் வேண்டாம்.

சிறுகிழங்கு இலங்கையிலும் உண்டு என்கிறார், சிங்களத்தில் இன்னல.

ஜனவரி 13, போகி

இந்த வருடம் திருவாதிரையும் போகியும் ஒரே நாள். இன்று களிக்கு ஏழுகறிக் கூட்டு, நாளை பொங்கலுக்குப் பல காய்க் குழம்பு. காய்க்காரியே சிரித்தாள், ஒரே காயை இரண்டு பை வாங்குகிறேன் என்று.

இரண்டுக்கும் ஒரே சட்டம்: நாட்டுக் காய் மட்டும், இங்கிலீஷ் காய் கூடாது. கேரட், கோஸ், உருளைக்கிழங்கு வாசல்படி ஏறக்கூடாது. பூசணி, பரங்கி, அவரை, மொச்சை, வாழைக்காய், சேனை, சேம்பு, சீனிக்கிழங்கு (சென்னையில் சர்க்கரைவள்ளி), சிறுகிழங்கு. எனக்கு இன்று காலையில் வம்பு பேசத் தோன்றியது. பரங்கி என்ற பெயரிலேயே பரங்கி, அதாவது வெள்ளைக்காரன், இருக்கிறான். பரங்கியும் சீனிக்கிழங்கும் அமெரிக்காவிலிருந்து வந்தவை, மிளகாயும் அப்படித்தான். நாம் கண்ணீர் விடும் சிறுகிழங்குக்கே ஆப்பிரிக்காதான் சொந்த ஊர். இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வந்து எத்தன நாளாச்சு, இங்கனயே புள்ள குட்டி பெத்தாச்சுல்லா" என்றார்கள். அப்படியானால் உருளைக்கிழங்கு? "அது நேத்து வந்தவன்."

அதோடு விட்டுவிட்டேன்.

முருங்கைக்காய் இந்தச் சட்டத்தில் செல்லும், ஆனால் விலை செல்லாது. குளிர்மாதத்தில் மரம் காய்க்காது. டிசம்பரில் ஒரு காய்க்கு என்னிடம் 40 ரூபாய் கேட்டார்கள். பங்குனிக்கு மேல் பையோடு கொடுப்பார்கள். அதுவும் பருவம்தான், விலைச்சீட்டில் எழுதியிருக்கிறது.

ஜனவரி 16

பழங்கறி. மனைவி ஊரில் இதற்குத் தனிப்பெயர் இல்லை, எதிர்வீட்டில் சுண்டக்கறி என்கிறார்கள். பொங்கலன்று மிஞ்சிய குழம்பு, கூட்டு, பொரியல், அவியல் எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் கொட்டி, மாட்டுப்பொங்கலன்று ஒரு தடவை, இன்று காலை ஒரு தடவை சுண்டவைத்தேன். சேனையும் சேம்பும் விளிம்பு கரைந்து குழம்பையே கெட்டியாக்கிவிட்டன. மொச்சை மட்டும் முழுசாக நிற்கிறது. நிறத்தைப் பார்த்தால் யாருக்கும் தட்டில் வைக்க மனம் வராது. பழைய சோற்றோடு நின்றுகொண்டே சட்டியில் பாதியைக் காலி செய்துவிட்டேன். சட்டி ஓரத்தில் பிடித்திருந்ததைச் சுரண்டித் தின்றது மனைவி.

இந்த இழையிலேயே உண்மையில் சுலபமான சமையல் இது ஒன்றுதான். இதற்கு முன்னால் மூன்று நாள் சமைத்திருக்க வேண்டும், அவ்வளவே.

ஜனவரி 17

ஞாயிற்றுக்கிழமை நெருங்கிவிட்டது, இங்கே விவாதம் வேறு பாதையில் போய்க்கொண்டிருக்கிறது: வந்தவர்களை உரிக்க உட்காரவைக்கலாமா?

நண்பர்கள் என்றால் தாராளமாக. எங்கள் வீட்டுக்கு மார்கழி, தையில் வருகிறவர்கள் கையில் காபியும் மடியில் தட்டுமாகத்தான் உட்காருவார்கள். பேச்சு ஓடும்போது கை சும்மா இருப்பதற்கு இரண்டு கிலோ மொச்சை உரித்துக்கொண்டிருக்கட்டுமே. நாலு பேர் உட்கார்ந்தால் இருபது நிமிடம். இரண்டாம் தம்ளர் காபி வருவதற்குள் தட்டு காலி.

சம்பந்தி என்றால் கூடாது என்பது என் கட்சி. காரணம் இருக்கிறது. கல்யாணமாகி முதல் தையில் மாமனார் வீட்டுக்குப் போனபோது திண்ணையில் ஒரு சாக்கு மொச்சை கொட்டிக் கிடந்தது. அத்தை, கொழுந்தியாள், பக்கத்து வீட்டுப் பாட்டி எல்லாரும் உரித்துக்கொண்டிருந்தார்கள். சும்மா இருக்காமல் நானும் உட்கார்ந்து ஒரு காயை எடுத்தேன். வீடே பதறிவிட்டது. "மாப்ள, விடுங்க, விடுங்க" என்று அத்தை எழுந்தேவிட்டார். மாமனார் உள்ளேயிருந்து ஓடி வந்து, யார் மாப்பிள்ளையை உரிக்கவிட்டது என்று எல்லாரையும் ஒரு சத்தம் போட்டார். என்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். அன்று முழுக்க அந்த நாற்காலியிலிருந்து அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்த நாற்காலி நினைவுக்கு வருகிறது.

எழுதிவிட்டுப் படித்தால், இது என் கட்சிக்கே எதிராகப் போகிறது. தெரியவில்லை. உங்கள் விருப்பம்.

ஜனவரி 18

மாங்காய் இஞ்சியை மறந்தே போனோம். நாளைக்குத்தானே, இன்று போட்டால் சரியாக இருக்கும். கால் கிலோ தோல் சீவி மெல்லிய வட்டமாக நறுக்குங்கள். இஞ்சி மாதிரி இருக்கும், மாங்காய் வாசனை அடிக்கும், உறைப்பு கிடையாது. உப்பு, மூன்று எலுமிச்சம்பழச் சாறு. பச்சை மிளகு கொத்து கிடைத்தால் ஒரு கை உதிர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் கீறிய பச்சை மிளகாய். அடுப்பே வேண்டாம். உரிக்கும் வேலையும் ஐந்து நிமிடம்தான். இந்த மாதத்துச் சாமான்களிலேயே நல்ல குணம் படைத்தது இது.

ஜனவரி 20

கேள்வி கேட்டவர் நேற்று இரவு எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன், மேலே போய்த் தேட வேண்டாம்:

"சனிக்கிழமையே எல்லாம் உரித்து வைத்துவிட்டேன். பிதுக்குப் பருப்புக்கு ஊறவைத்த தட்டு மட்டும் பாக்கி. அவர்கள் பத்தரைக்கு வருவதாகச் சொல்லி ஒன்பதே முக்காலுக்கு வந்துவிட்டார்கள். தட்டை ஒளிக்க இடமில்லை. சம்பந்தியம்மா கைப்பையைக் கூட இறக்கிவைக்காமல், 'அய்யோ, பிதுக்கறீங்களா' என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவங்க ஊர் ஓசூராம், எனக்கு அதுவே அப்போதுதான் தெரியும். எனக்கு வரவில்லை, அவர்தான் கற்றுத்தந்தார். நான் பிதுக்கியது ஒன்று சம்பந்தி மூக்குக்கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பேப்பரைத் தொடர்ந்து படித்தார். சிறுகிழங்கு கிடைக்கவில்லை, சேப்பங்கிழங்கு வறுத்தேன். பனங்கிழங்கு உருண்டை மாப்பிள்ளை தம்பிக்குப் பிடித்துவிட்டது, எட்டு தின்றார். உங்கள் புளிக்குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல்."

உப்பு நான் போடவில்லையே அம்மா.

மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "அப்பா அன்னிக்கு உங்களையும் விட்டிருக்கலாம்" என்றாள். பிதுக்கத் தெரியாமல் இருபத்தாறு வருடம் ஆகியிருக்காதாம்.

பிப்ரவரி 9

யாராவது இன்னும் படிக்கிறீர்களா? மொச்சை முடியப்போகிறது. உரித்ததை ஒரு கொதி விட்டு, வடித்து, ஆறவைத்து, பொட்டலம் போட்டு ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன், நாலு பொட்டலம். புளிக்குழம்புக்கு ஆகும். பிதுக்குப் பருப்புக்கு ஆகாது. கொதி பட்ட கொட்டை பிதுங்காது, நசுங்கும். போன வருடம் பட்டுத் தெரிந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை தைப்பூசம். ஊரில் சிறுவீட்டுப் பொங்கல் வைப்பார்கள். எங்கள் தெருவில் அக்காமார்கள் வாசலில் களிமண்ணால் முழங்கால் உயரத்துக்கு வீடு கட்டி, பொங்கலைப் பூவோடு ஆற்றில் விடுவார்கள். அன்றைக்கும் குழம்பில் மொச்சையும் சிறுகிழங்கும் உண்டு, அதோடு சரி.

பிப்ரவரி 23

சாக்கைத் துவைத்து மடித்து வைக்கலாம் என்று பால்கனியில் உதறினேன். மூலைத்தையலில் ஒரு சிறுகிழங்கு சிக்கியிருந்தது. டிசம்பரில் குளியலறையில் அடித்ததில் தப்பித்த ஆளாக இருக்க வேண்டும், பாதித்தோல் இல்லை. அந்தப் பாதித்தோலிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு முளை.

துளசி காய்ந்துபோன தொட்டி ஒன்று சும்மா கிடந்தது, அதில் வைத்தேன். அம்மாவிடம் சொன்னேன்.

"மாசியில எவம்ல சிறுகிழங்கு நடுவான்? வைகாசிக்கு மேலதான் நாத்தே விடுவாவ."

தெரியும் என்றேன்.

"தண்ணி ரொம்ப ஊத்தாத. அழுவிரும்."